டிரையர் விண்வெளிக்குப் போன ஞாயிறு

போன வாரம் நம் வகுப்புக் குழுவில் நடந்த அமளியை நான் ஒரு வார்த்தை எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்திருக்கும் அந்த விண்வெளித் தொடரின் முதல் பகுதி முடிந்து அரை மணி ஆகவில்லை, அதற்குள் எத்தனை செய்திகள்! ரோபோ சரியில்லை என்று ஒருத்தி. கதாநாயகி செத்திருக்க மாட்டாள், வேண்டுமானால் பாருங்கள் என்று இன்னொருத்தி. கண்ணாடி போட்டுப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை என்று நம் கடைசி பெஞ்சுக்காரன். தலை நரைக்கத் தொடங்கியும் நமக்கு இந்தக் கிறுக்கு போகவில்லை.

அப்புறம் யாரோ சின்ன வயதில் பார்த்த 'வான்கலம் ஒன்பது' தொடர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். உடனே பேச்சு அங்கே போய்விட்டது. ஞாயிறு பதினொரு மணி, அலுமினியத் தாள் சுற்றிய ரோபோ, கேப்டனின் வெள்ளைச் சட்டை. அதோடு நாம் ஒருவருக்கு வைத்த பட்டப்பெயரும் வந்தது. சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. பதில் போடாமல் இருந்தது நான் மட்டும்தான். இது அந்தப் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தேயிலைக்குப் பறிக்கிற கூலி கூடத் தேறாமல் போன வருடங்கள் அவை. எங்கள் மலையில், ஜெகதளா ரோட்டில் பாதித் தோட்டங்களில் கிளை வெட்டிக் கவாத்து செய்ய ஆள் விடாமல் செடிகள் மரமாக நின்றன. என் அப்பா வேலை பார்த்த பாக்டரி சித்திரையில் மூடியது. அப்பா அங்கே டிரையர்காரர். அரைத்துப் புளித்த இலை சூடான காற்றில் காய்ந்து தூளாக வெளியே வரும் மெஷின் அது. பதினாறு வருடம் அந்த ஒரே மெஷினோடு இருந்தார். பாக்டரி ஓடிய நாட்களில் எங்கள் வீட்டுத் துணி எல்லாம் வெந்த இலை வாசம் அடிக்கும். தலையணையும் என் பள்ளிப் பாவாடையும்கூட அப்படித்தான். மூடிய சில வாரத்தில் அந்த வாசம் போய் வெறும் சோப்பு வாசம் வந்தது. "இப்பத்தான் துணி துணியாட்ட இருக்குது" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மூடும்போது முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து ஒரு வார்த்தை சொன்னாராம். மெஷினெல்லாம் அப்படியே இருக்கும், விலை ஏறினதும் திறந்துவிடலாம் என்று. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாக் குடும்பமும் மலையில் இருந்தது. சித்தி திருப்பூரிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தாள். அங்கே ஒரு சாயப்பட்டறையில் பாய்லருக்கு ஆள் வேண்டுமாம். அம்மா கடிதத்தை வாசித்துக் காட்டுவாள். "திறந்துட்டா டிரையருக்கு யாரு நிப்பாங்க?" என்று அப்பா கேட்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மூடிய பாக்டரிக்கு வாட்ச்மேனாக இருந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். இலை நசுக்கும் ரோலர் மெஷினில் மாட்டி ஒரு கால் சூம்பிப் போனதால், பல வருடமாக அவருக்குக் கேட் வேலைதான். வெள்ளிக்கிழமை தோறும் அப்பா கேட் வரைக்கும் நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவார். ஒரு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். மாமா முக்காலியிலிருந்து எழுந்து, தொப்பியைச் சரி பண்ணி, என் கன்னத்தைக் கிள்ளினார்.

"எப்படீங்க மச்சான் இருக்குது?" என்றார் அப்பா.

"எல்லாம் அப்படியேதானுங்க இருக்குது மாப்ள."

"ஒருக்கா உள்ள போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா?"

"சாவி மொதலாளிகிட்டல்ல இருக்குது."

அப்பா பாக்டரி ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சரிங்க மச்சான்" என்று திரும்பினார். வரும் வழியில், அப்பாவோடு பாக்டரியில் ரோலரில் நின்ற ரோலர்காரர் வீட்டு வாசலிலும், இன்னும் இரண்டு மூன்று வீட்டு வாசலிலும் நின்று அதையே சொன்னார். எல்லாம் அப்படியே இருக்குதாம்.

அந்த மாசியில்தான் 'வான்கலம் ஒன்பது' விளம்பரம் வரத் தொடங்கியது. இன்னும் பத்து நாள், இன்னும் ஒன்பது நாள் என்று திரையின் மூலையில் ஒரு எண் குறைந்துகொண்டே வரும். நம் வகுப்பு அப்போதே இரண்டாகப் பிரிந்துவிட்டது, கேப்டன் கட்சி, ரோபோ கட்சி என்று. நான் மூன்றாவதாக ஒரு கட்சி. விளம்பரத்தில் ஒரு நொடி மட்டும் வந்துபோகும், கையில் ஸ்பேனர் வைத்திருக்கும் பெண் எஞ்சினியர்தான் எனக்குப் பிடித்தவள். ஒரு பகுதி கூடப் பார்க்காமலே அவளுக்காக நான் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

முதல் பகுதி அன்று எங்கள் வீட்டில் பதினொரு பேர். விலை நன்றாக இருந்த வருடத்தில் வாங்கிய கலர் டிவி எங்களிடம் இருந்தது. ரோலர்காரர் மனைவியும் பிள்ளைகளுமாக வந்தார். மளிகைக்கடை பாயின் மகள், என் பக்கத்து பெஞ்சுக்காரி, கடையிலிருந்து ஒரு பொட்டலம் வர்க்கி கொண்டுவந்தாள். ஜன்னல் வெயில் திரையில் விழுகிறதென்று அம்மா போர்வையைக் கட்டினாள். இருட்டில் வர்க்கி நொறுங்கும் சத்தமும், சுடச்சுடத் தேநீர் உறிஞ்சும் சத்தமும். வெள்ளி எழுத்துகள் சுழன்று வந்து நின்றபோது நாங்கள் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

நீங்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் பார்த்ததுதான். ரோபோ முதல் தடவை "வணக்கம் மனிதர்களே" என்றபோது ரோலர்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரும்புக் காலோடு 'டக் டக்' என்று நடந்து வரும் கர்டாக், கலத்தின் வரைபடத்தை எதிரிக்கு விற்கிற துரோகி, கதவு மறைவில் நின்று சிரித்தபோது என் தம்பி அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்புறம் எஞ்சின் அறை. சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. என் எஞ்சினியர் ஓடி வந்தாள். "கேப்டன், வெப்பம் ஏறுகிறது!" என்று கத்தினாள். கேமரா ஒரு பெரிய வட்டமான வெப்பமானிக்குக் கிட்டே போனது. முள் நடுங்கி நடுங்கி மேலே ஏறியது.

"ஏனுங்க" என்றாள் அம்மா. "அது என்ற நெயில்பாலிஷுங்க."

நான் திரும்பாமலே, "பேசாதீங்கம்மா!" என்று கத்தினேன்.

டிரையரின் நெற்றியில் இருந்த வெப்பமானியில் கம்பெனிக்காரன் போட்ட கோடுகள் தேய்ந்துபோனதால், சித்தி கல்யாணத்துக்கு வாங்கிய அம்மாவின் நெயில்பாலிஷைக் கொண்டுபோய் அப்பா இரண்டு சிவப்புக் கோடு போட்டிருந்தார். முள் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மெஷின் ஓடும்போதே போட்டதால் இரண்டாவது கோடு கோணலாகிவிட்டது. பாட்டிலைக் காலி பண்ணிவிட்டதாக அம்மா வருடக்கணக்கில் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் முள் அந்தக் கோணல் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

விளம்பர இடைவேளை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"வேற பாக்டரியோடதா இருக்கும்" என்றார் ரோலர்காரர். "அந்தக் கம்பெனிக்காரன் ஒரு டிரையரா செஞ்சிருப்பான்?"

"கோடுமாங்க அவன் போட்டான்?" என்றாள் அம்மா.

ரோலர்காரர் எழுந்து டிவியை அணைக்கப் போனார். நானும் என் தோழியும் ஒரே குரலில் அலறினோம். அப்போது அப்பா சொன்னார், மெதுவாக: "இருக்கட்டுங்க. கொழந்தைங்க பாத்து முடிக்கட்டும்."

மீதி இருபது நிமிடமும் பெரியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் அறை இன்னும் மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் ரோலர்காரர் தனக்குத் தெரிந்த எதையோ அதில் கண்டுபிடித்தார். ஒரு சக்கரம், ஒரு கைப்பிடி, ஏதோ ஒரு மூடி. எனக்கோ நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வருத்தத்தில் இல்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் டிரையர் விண்கலத்தை ஓட்டுகிறது என்ற பெருமை அது.

முடிந்ததும் ஆண்கள் பாக்டரிக்கு நடந்தார்கள். ரோலர்காரர் முன்னால், வழியில் சேர்ந்துகொண்ட நாலைந்து பேர் அவருக்குப் பின்னால், எல்லோருக்கும் கடைசியில் அப்பா. போகாதே என்று யாரும் சொல்லாததால் நானும் தம்பியும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

மாமா எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "என்னுங்க, எல்லாரும் சேர்ந்து..."

"சாவி" என்றார் ரோலர்காரர்.

"சாவி மொதலாளிகிட்டங்க..."

"டிவில பாத்துட்டோம். கதவத் தொற."

மாமா என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாமா தொப்பியைக் கழற்றி முக்காலியில் வைத்தார். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் எங்கள் காலடி எதிரொலித்தது. தரையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. டிரையர் இருந்த இடத்தில் மட்டும் நீளமாக வெளுத்த சிமெண்டும், மூலைகளில் அறுத்த போல்ட்டின் நுனிகளும். மேலே இலை வாட்டும் பலகை மாடியிலிருந்து இலை வாசம் மட்டும் லேசாக வந்தது. தம்பி அந்த வெளுத்த இடத்தின் நடுவில் போய் நின்று, "அப்பா, நம்ம டிரையர் ராக்கெட்ல போயிருச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டான்.

ரோலர்காரர் மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். "எப்ப?"

"ஐப்பசி மழையில. ரெண்டு நாளு ரோட்டுல ஆளே இல்லீங்களே, அப்ப. கோயமுத்தூர் பழைய இரும்புக்காரங்க வந்தாங்க. மூணு லாரி."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் மாமா. "நான் சொல்லாத வரைக்கும் பாக்டரி இருந்துச்சில்லீங்க."

"உனக்குச் சம்பளம் இருந்துச்சு, அதச் சொல்லு!" என்று ஒருவர் கத்தினார். அப்பா ரோலர்காரரின் கையைப் பிடித்து விலக்கினார். ஆனால் மாமாவிடம் எதுவும் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் பேசவில்லை.

திங்கள்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காலை வணக்கத்துக்கு முன்பே மைதானத்தில் கேப்டன் கட்சியும் ரோபோ கட்சியும் அடித்துக்கொண்டிருந்தன. நான் நடுவில் போய் நின்று, அந்த எஞ்சின் எங்கள் அப்பாவின் டிரையர் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். பாயின் மகள் சாட்சி சொன்ன பிறகு நம்பினீர்கள். அந்த ஒரு வாரம் என்னைச் சுற்றி எப்போதும் கூட்டம். தேன்மிட்டாய், இலந்தை வடை, எல்லாம் எனக்குத்தான் முதலில். டிரையர் அங்கே எப்படிப் போனது என்று நீங்கள் கேட்டபோது, பழைய இரும்புக்காரர்களிடமிருந்து நாடகக்காரர்கள் வாங்கியிருப்பார்கள் என்பதோடு விட்டிருக்கலாம்; கதை இன்னும் சுவாரசியமாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்: "எங்க பாக்டரிலயும் ஒரு கர்டாக் இருக்கறாரு. கால் கூட அதே மாதிரி."

அந்தப் பெயரை வைத்தது யாரென்று போன வாரம் குழுவில் ஒருவருக்கும் நினைவில்லை. நான்தான் வைத்தேன்.

அடுத்த வாரமே மாமா சந்தைக்குப் போகும்போது வேலிக்குப் பின்னாலிருந்து "கர்டாக்! டக் டக்!" என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. பெரியவர்கள் அதட்டவில்லை. சிலர் தாங்களும் அப்படியே கூப்பிட்டார்கள். மற்ற கடைகளில் இல்லையென்று கை விரித்தார்கள்; பாயின் கடையில் மட்டும் அவருக்குச் சாமான் கிடைத்தது. "பழைய இரும்ப வித்தது இந்த மனுசனா?" என்று பாய் கேட்டதாக அவர் மகள் என்னிடம் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாலை மாமா ரோட்டில் காலை இழுத்துக்கொண்டு போனார். வேலிக்குப் பின்னால் உங்களோடு நானும் இருந்தேன். நானும் கத்தினேன்.

தொலைக்காட்சிக்கு ஒரு தபால் அட்டையும் எழுதினேன். தொடர் மிக அருமை, எஞ்சினியர் அக்காவை அதிகம் காட்டவும், எஞ்சின் எங்களுடையது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கேப்டனின் அச்சடித்த படம், கீழே முத்திரை வைத்த கையெழுத்து, தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. அதற்குள் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தோம். பரீட்சை முடிந்ததும் திருப்பூர் என்று முடிவாகிவிட்டது. அதுவரை அப்பா ஒரு ஞாயிறு கூட விடாமல் எங்களோடு உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தார். கதை அவருக்கு வேண்டியதில்லை. எஞ்சின் அறை வந்தால் மட்டும் முன்னால் சாய்வார். "இத்தன சூடு வெச்சா கருகிப் போயிருமே" என்று ஒரு தடவை முணுமுணுத்தார்.

மாமாவும் அத்தையும் எங்களுக்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டார்கள். தேவாலாவில், அத்தையின் சொந்தக்காரர் வைத்திருந்த பெட்டிக்கடைக்கு. அப்பா பாய்லரில் நின்றார், அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள், நாங்கள் படித்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மா அண்ணனுக்குப் போன் பண்ணுவாள். தொடரும் பாதியில் நின்றுபோனது. கலம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் மாமா கூடலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி, அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. நான் கிளம்பினேன். அப்பாவும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

வராந்தாவில் அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஏதேதோ பேசிவிட்டு அவளாகவே சொன்னாள்: "மெஷினு போனதுக்கப்புறம் உங்க மாமனுக்குச் சம்பளமே வரல கண்ணு. சும்மாதான் அந்தக் கேட்டுல உக்காந்திருந்தாரு."

"அப்புறம் எதுக்குங்க அத்தை உக்காந்தாரு?"

"நானும் கேட்டேன். மாப்ள வெள்ளிக்கெழம வருவாரு, வந்து கேட்டா பதில் சொல்ல ஆள் வேணுமில்லன்னாரு."

மாமா இளைத்துப்போய்ப் போர்வைக்குள் சின்னதாகத் தெரிந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, திடீரென்று, "கண்ணு, ரொம்ப நாளா கேக்கோணும்னு" என்றார். "அந்த கர்டாக்குங்கறது யாரு? என்னைய எதுக்கு அப்படிக் கூப்டாங்க? எங்கூட்ல டிவி இல்ல. யாருகிட்ட போய்க் கேக்கறது."

அவர் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. அதை நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

"அது ஒரு நாடகத்துல வர்றவன் மாமா. கூட இருந்தவங்களக் காட்டிக் குடுக்கறவன்."

"ம். அப்படித்தான் ஏதாவது இருக்கும்னு நெனச்சேன்."

"அந்தப் பேர வெச்சது நான்தானுங்க மாமா. வேலிக்குப் பின்னால நின்னு நானும் கூப்டிருக்கறேன்."

"தெரியும் கண்ணு" என்றார். "உன்ற குரல் எனக்குத் தெரியாதா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மச்சான்."

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ள சொல்லிட்டா. நானும் சொல்லிடறேனுங்க. மெஷினு போனது எனக்கு அப்பவே தெரியும். டிவில பாத்துத் தெரிஞ்சதில்ல. கேட்டுல நின்னா முன் ஜன்னல்ல டிரையர்தான் அடைச்சுட்டுத் தெரியும். கார்த்திகை பொறந்து வந்து பாக்கறேன், முன் ஜன்னல் வழியாப் பின் ஜன்னல் வெளிச்சம் தெரியுது."

மாமா அப்பாவையே பார்த்தார்.

"தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்குங்க மாப்ள வாராவாரம் வந்து கேட்டீங்க?"

"நீங்க அப்படியே இருக்குதுன்னு சொல்லோணும். அதக் கேட்டுட்டுப் போனாத்தான் அந்த வாரம் ஓடும். மத்தவங்க கிட்டச் சொல்றதுக்கும் எனக்கு ஒரு வார்த்த வேணும்."

"அன்னைக்கு என் சட்டையப் புடிச்சாங்களே. அப்பச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருக்கோணும். பயந்துட்டேனுங்க. என்னையவும் சேர்த்துப் பேசுவாங்கன்னு."

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் மாத்திரை வைத்துவிட்டுப் போனாள். அப்பா டம்ளரில் தண்ணீர் ஊற்றி, முதல் தடவையாகக் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தார். மாமாவின் கை டம்ளரைத் தள்ளியது. தண்ணீர் போர்வையில் சிந்தியது. அப்பா மறுபடி ஊற்றினார். மறுபடி நீட்டினார். அதையும் வாங்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தேன். "நீ போம்மா" என்றார் அப்பா. "நான் இருக்கறேன்."

வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார், டம்ளர் இன்னும் கையில்தான். மாமா சுவரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அப்பா குனிந்து காதைக் கொடுத்தார். பிறகு, அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, மெல்லத் தூக்கி உட்கார வைத்தார்.